வடக்குத் தடத்து மஞ்சள் பஸ்

எங்கள் ஊர் நார்டாலில் எந்தச் செய்தியும் முதலில் பள்ளிச் சமையலறைக்குத்தான் வரும். அதற்கப்புறம்தான் பள்ளி போர்டுக் கூட்டத்துக்கும் வாரப் பத்திரிகைக்கும் போகும். அந்தப் புதன்கிழமையும் அப்படித்தான் வந்தது. வெளியே ஜனவரிக் காற்று கதவிடுக்கில் விசிலடித்துக்கொண்டிருந்தது. மார்லிஸ் ரோவாங் பெரிய மிக்ஸரில் உருளைக்கிழங்கை மசித்துக்கொண்டிருந்தாள். ஆள் குறைந்த நாட்களில் எனக்கு அங்கே வேலை உண்டு. நான் பீச் டப்பாக்களைத் திறந்துகொண்டிருந்தேன். பின்கதவைத் தள்ளிக்கொண்டு கைல் பிரெக்கி உள்ளே வந்தான்.

எங்கள் பள்ளி மாவட்டத்துக்கே கண்காணிப்பாளர் அவன். ஆனாலும் எங்கள் கண்முன் வளர்ந்தவன், 'அவர்' என்று வாயில் வரமாட்டேன் என்கிறது.

"காப்பி இருக்கா மார்லிஸ்?"

"இருக்கு, ஊத்திக்க. முதல்ல பூட்ஸைத் தட்டிட்டு வா. தரை இப்பத்தான் துடைச்சது."

கண்காணிப்பாளர் திரும்பிப் போய்ப் பூட்ஸைத் தட்டிவிட்டு வந்தான். அவன்மேல் டீசல் வாடை அடித்தது. முகம் வெளுத்துக் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்திருந்தது. காப்பியை வாங்கிக் குடிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு அடுப்போரம் நின்றான்.

"ஒரு விஷயம் சொல்லணும். பேப்பர்ல வர்றதுக்கு முன்னாடி உன் காதுல நானே போட்டுடணும்னு வந்தேன்."

"கூரை திரும்ப ஒழுகுதா?"

"கூரை எப்பவும்தான் ஒழுகுது. இது வடக்குத் தடம். திங்கக்கிழமை கூட்டத்துல அதை நிறுத்தறதைப் பத்திப் பேசப் போறாங்க."

மார்லிஸ் மிக்ஸரை அணைத்தாள்.

வடக்குத் தடம் அவள் வீட்டுத் தடம். அவள் கணவன் டுவேன் பல வருஷங்களாக ஓட்டிய தடம். போன அக்டோபரில், சர்க்கரைக் கிழங்கு அறுவடை நடந்துகொண்டிருந்தபோது, டுவேன் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிப்போய்க் கிழங்கு லாரியிலேயே மயங்கிச் சாய்ந்துவிட்டான். நல்ல வேளை, லாரி நின்றிருந்தது. உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் டாக்டர் கூடாதென்று சொன்னதால் பஸ் ஓட்டும் உரிமம் போய்விட்டது. அன்றிலிருந்து வடக்குத் தடத்தை ஓட்டுவது கைல்தான். காலையில் பஸ், பகலில் பள்ளிக்கூடம், சாயங்காலம் மறுபடி பஸ். மேல்நிலை வகுப்புத் தலைமையாசிரியர் வேறு ஊருக்குப் போய்விட்டதால் அந்த வேலையும் இவன் தலையில்.

"என்னால இனிமே முடியாது மார்லிஸ்" என்றான் கைல். "நேத்து கிராவல் ரோட்டுல ஒரு கணம் கண்ணு சொக்கிடுச்சு. பின்னாடி புள்ளைங்க உக்காந்திருந்தாங்க. ஒண்ணும் ஆகல. ஆனா எனக்கு ராத்திரி தூக்கம் வரல. போர்டுல நானேதான் சொன்னேன், டிரைவர் கிடைக்கலன்னா நிறுத்திடலாம்னு."

"அப்ப வடக்குப் புள்ளைங்க?"

"பிக்ஸ்லி பஸ் எல்லை வரைக்கும் வருது. ஏத்திக்கிறோம்னு சொல்றாங்க."

"பிக்ஸ்லியா!" என்றேன் நான், கையில் டப்பா திறப்பானோடு. கூடைப்பந்தில் எங்கள் பரம எதிரியான அந்த ஊர்ப் பெயரை இந்தச் சமையலறையில் யாரும் மெதுவாகச் சொன்னதில்லை. வடக்குப் பிள்ளைகள் அங்கே போய்விட்டால் எங்கள் பள்ளியில் வகுப்புகள் இளைத்துவிடும். அடுத்த வருஷம் பெண்கள் கூடைப்பந்துக்கு ஆள் சேராது. அதற்கப்புறம் எங்கள் பள்ளியை அவர்களோடு இணைக்கிற பேச்சுதான். இதெல்லாம் எங்களுக்குப் புதிது அல்ல, பக்கத்து மாவட்டங்களில் பார்த்திருக்கிறோம்.

"நாளைக்கு எனக்கு பஸ் பரீட்சை இருக்கில்ல?" என்றாள் மார்லிஸ்.

"அதை நம்பித்தான் திங்கக்கிழமை வரைக்கும் தள்ளி வச்சிருக்கேன். நீ தேறிட்டா அந்தப் பேச்சே எடுக்க வேண்டாம்."

"நீ முதல்ல சாப்பிடு. சின்ன வயசுல பட்டாணியைப் பால் டப்பாவுக்குள்ள ஒளிச்சு வச்சியே, அது மாதிரி பண்ணாம சாப்பிடு."

அவன் சிரித்துவிட்டு நின்றபடியே ஒரு தட்டு மசித்த கிழங்கு தின்றான். மார்லிஸ் மிக்ஸரை மறுபடி ஓடவிட்டாள். அவள் உதடு முணுமுணுக்க ஆரம்பித்துவிட்டது. "முன் விளக்கு. ஒழுங்கா பொருந்தியிருக்கு, உடையல, வளையல, கசியல. முன் சக்கரம். ஒழுங்கா பொருந்தியிருக்கு, உடையல, வளையல, கசியல."

பஸ் உரிமத்துக்குப் பரீட்சை எழுதுகிறவர்கள் வண்டியைச் சுற்றி நடந்து, ஒவ்வொரு பாகத்தையும் தொட்டுக் காட்டி, சத்தமாக இப்படிச் சொல்ல வேண்டும். நவம்பரிலிருந்து இதுதான் அவள் ஜெபமும் பாட்டும். கிழங்கு உரிக்கும்போது சொல்வாள், தட்டு கழுவும்போது சொல்வாள். ஒருநாள் தேவாலயத்தில் நான் ஆர்கன் வாசித்துக்கொண்டிருக்கையில் முன்வரிசையில் இருந்த அவள் வாய் பாட்டோடு ஒட்டாமல் அசைவதைப் பார்த்தேன். போதகரைப் பார்த்து "ஒழுங்கா பொருந்தியிருக்கு" என்று சொல்லிக்கொண்டிருந்தாளாம். கர்த்தர் அதையும் கேட்டிருப்பார்.

அவள் எதற்காக இந்த வயதில் இத்தனை பெரிய வண்டியோடு மல்லுக்கு நிற்கிறாள் என்று ஊருக்குத் தெரியும். பள்ளிக்காக என்று அவள் சொல்வாள். அதுவும் உண்மைதான். பக்கத்துப் பண்ணையில் இருக்கும் எனக்கு இன்னொன்றும் தெரியும். எங்கள் ஊரில் தூரத் தடத்து பஸ் இரவில் டிரைவர் வீட்டு முற்றத்தில்தான் நிற்கும். குளிரில் எஞ்சின் உறைந்துவிடாமல் இருக்க, வீட்டிலிருந்து ஒரு நீள மின்கம்பியை இழுத்து வண்டியின் சூடேற்றியில் சொருகி வைப்பார்கள். அந்தக் கம்பியை இத்தனை வருஷமும் டுவேன்தான் சொருகினான், டுவேன்தான் பிடுங்கினான். அக்டோபரில் கைல் வந்து பஸ்ஸை ஓட்டிக்கொண்டு போன அன்று, டுவேன் தன் நாற்காலியை ஜன்னலுக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டுக்கொண்டான். குளிர்பதனப் பெட்டிமேல் இருந்த, பஸ்ஸோடும் பள்ளியோடும் பேசுகிற ரேடியோவை அணைத்து, அதன்மேல் ஒரு துடைக்கும் துணியைப் போட்டு மூடினான். அப்புறம் பேச்சு குறைந்தது. பிறகு வெளியே போவதும் நின்றது. முற்றத்தில் பஸ் நின்ற இடத்தில் பனி ஏறி மேடாகிவிட்டது.

மார்லிஸுக்கு அந்த பஸ் முற்றத்துக்குத் திரும்பி வர வேண்டும். அவ்வளவுதான்.

வியாழக்கிழமை மத்தியானம் கோழிமுட்டை கொடுக்கிற சாக்கில் அவர்கள் வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். டுவேன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். மார்லிஸின் கார் வந்து நின்றது. அவள் கோட்டைக் கழற்றாமல், பனிப் பூட்ஸோடு சமையலறை நடுவில் வந்து நின்றாள். கால்சட்டை முழங்கால்வரை நனைந்திருந்தது.

"போச்சு" என்றாள்.

"என்னடி ஆச்சு? காத்து பிரேக்கா?" என்றேன் நான்.

"காத்து பிரேக் நல்லாத்தான் பண்ணினேன் வெர்னா. சுத்தி நடந்து சொன்னது ஒரு வார்த்தை தப்பல. ரோட்டுல ஓட்டச் சொன்னாங்க. ஓட்டினேன். பரீட்சை வைக்கிற அம்மா பக்கத்துல உக்காந்து எழுதிக்கிட்டே வருது. ஊருக்கு வெளிய வந்ததும் பார்த்தா, ஒரு பிக்கப் வண்டி ரோட்டோரப் பள்ளத்துல மூக்கைக் குத்திக்கிட்டு நிக்குது. ஒரு ஆளு வெளிய நின்னு பனியைக் கையால வாரிக்கிட்டு இருக்கான், கையால!"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, நிறுத்தினேன்."

"நிறுத்தினியா?"

"நிறுத்தினேன், கதவைத் திறந்தேன், இறங்கிப் போய்க் கேட்டேன். எங்கிட்ட மண்வெட்டி இல்ல. சரின்னு நானும் கொஞ்சம் தள்ளிப் பார்த்தேன். திரும்பி வந்து ஏறினா அந்த அம்மா பேனாவை மூடி வச்சிருச்சு. 'எதுக்கு இறங்கினீங்க?'ன்னு கேட்டுச்சு. 'ஆள் பள்ளத்துல இருக்கானே'ன்னேன். 'உங்க பின்னாடி புள்ளைங்க இருந்தா?'ன்னுச்சு. நான் திரும்பிப் பார்த்தேன் வெர்னா. வெறும் சீட்டுங்க. எனக்குப் புள்ளைங்க ஞாபகமே இல்ல."

அவள் கையுறையைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். எங்கள் பக்கத்தில் பள்ளத்தில் கிடக்கிற வண்டியைத் தாண்டிப் போகிறவர் கிடையாது. மைனஸ் குளிரில் அது உயிர் விஷயம். அதனால் அவள் செய்தது தப்பென்று எனக்குச் சொல்ல வரவில்லை. அந்த அம்மாள் சொன்னதும் தப்பாகத் தோன்றவில்லை.

"அடுத்த இடம் பிப்ரவரி கடைசியிலதான் இருக்காம். திங்கக்கிழமை எல்லாம் முடிஞ்சு போயிடும்."

அப்போது நாற்காலிப் பக்கமிருந்து ஒரு சத்தம் வந்தது. முதலில் இருமல் என்று நினைத்தேன். டுவேன் சிரித்துக்கொண்டிருந்தான். தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்துவிட்டு, நாற்காலியோடு எங்கள் பக்கம் திரும்பினான். அக்டோபருக்கப்புறம் அவன் முகத்தை நேராகப் பார்த்தது அன்றுதான்.

"பரீட்சைக்காரியை உள்ள உக்கார வச்சுட்டு வண்டி தள்ளப் போனியா?"

"சிரி, நல்லா சிரி. நீயா இருந்தா தாண்டிப் போயிருப்பியோ?"

"தாண்ட மாட்டேன். இறங்கவும் மாட்டேன்."

"அது எப்படி?"

"வண்டியில புள்ளைங்க இருக்கறப்போ சீட்டை விட்டு எந்திரிக்கக் கூடாது மார்லிஸ். ஓரமா நிறுத்து. பிரேக்கை இழு. நாலு விளக்கையும் மின்ன விடு. அதுக்கப்புறம் ரேடியோவை எடுத்துக் கூப்பிடு. யார் வீடு கிட்ட, எவன் வீட்டுல இருப்பான், எவன் ட்ராக்டர் இந்தக் குளிர்ல ஸ்டார்ட் ஆகும், அதெல்லாம் தெரிஞ்சு வச்சிருக்கணும். நான் எத்தனை பேரைப் பள்ளத்துலேர்ந்து எடுத்திருக்கேன்னு நினைக்கிற? ஒருதடவை கூட என் பூட்ஸ் நனைஞ்சதில்ல."

"இத்தனை நாள் இதையெல்லாம் ஏன் சொல்லல?" என்றாள் மார்லிஸ். "நவம்பர்லேர்ந்து தனியாப் புலம்பிக்கிட்டு இருக்கேன். நீ சுவத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்க."

டுவேன் நாற்காலியைத் திரும்பச் சுவர்ப் பக்கம் போடவில்லை. "நனைஞ்ச கால்சட்டையை மாத்து. சளி பிடிச்சுக்கும்" என்றான்.

மறுநாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் அவர்கள் வீட்டில் இருந்தபோது நடந்ததை நான் இன்றைக்கும் வேதபாடம் மாதிரி நினைத்துக்கொள்கிறேன். அவர்கள் மகள் கெல்சிக்கு அது பள்ளியில் கடைசி வருஷம். கூடைப்பந்துப் பயிற்சி முடிந்து வந்து, தடம் நின்றுவிடுமே என்று அழுது வீங்கின முகத்தோடு, ஹாட்டிஷ் தட்டில் முள்கரண்டியால் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். மாட்டுக்கறியும் சோளமும் கீழே, மொறுமொறு கிழங்கு உருண்டைகள் மேலே. மார்லிஸ் அதைச் செய்தால் யாரும் தட்டில் மிச்சம் வைப்பதில்லை, அன்று கெல்சி வைத்தாள். கதவு தட்டும் சத்தம் கேட்டது. எங்கள் பக்கம் யாரும் கதவைத் தட்டுவதில்லை, திறந்துகொண்டு வருவார்கள். அதனால் வெளியூர் ஆள் என்று தெரிந்தது.

நெட்டையாக ஒருவர், தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ரோவாங் வீடுதானே? என் பேரு ஆர்வின் குவாம். நேத்துப் பள்ளத்துல இருந்தது நான்தான்."

"ஐயோ, நீங்களா!" மார்லிஸ் எழுந்தாள். "வண்டியை எடுத்துட்டீங்களா? கை விரலெல்லாம் சரியா இருக்கா?"

"விரல் இருக்கு. உள்ள வரலாமா? எனக்குச் சொல்லவே வெக்கமா இருக்கு. நான் பிக்ஸ்லி."

கெல்சி தலையை நிமிர்த்தினாள்.

"பிக்ஸ்லின்னாலும் பசிக்கும்ல" என்றான் டுவேன். "உக்காரு."

அவர் உட்கார்ந்தார். மார்லிஸ் தட்டு வைத்தாள். தின்றுகொண்டே சொன்னார். நேற்று அவரும் பரீட்சைக்குத்தான் போய்க்கொண்டிருந்தார். பிக்ஸ்லி பள்ளிக்கும் பஸ் டிரைவர் போதவில்லை. பள்ளத்தில் விழுந்ததால் நேரத்துக்குப் போய்ச் சேரவில்லை. வானிலையால் தவறவிட்டவர் என்று சொல்லி அவருக்குத் திங்கட்கிழமை மத்தியானம் இடம் கொடுத்துவிட்டார்கள். அப்போதுதான் அந்த அம்மாள் பேச்சுவாக்கில் சொல்லியிருக்கிறார், முந்தி வந்த ஒரு பெண்மணி உங்களுக்காக இறங்கித்தான் தோற்றாள் என்று.

"எனக்கு ராத்திரி சாப்பாடே இறங்கல. இன்னிக்குக் காலையில ஃபோன் பண்ணிக் கேட்டேன், என் இடத்தை அவங்களுக்குக் கொடுக்கலாமான்னு. கொடுக்கலாம்னாங்க. திங்கக்கிழமை உங்களுது."

மார்லிஸ் கையில் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"உங்க ஊர்ல என்ன சொல்வாங்க?" என்று நான் கேட்டேன்.

"திட்டுவாங்க. உங்க வடக்குப் புள்ளைங்க வந்தா நல்லதுன்னு எங்க போர்டு ஏற்கெனவே கணக்குப் போட்டு வச்சிருக்கு. திட்டட்டும். எங்களுக்கு இன்னொரு டிரைவர் இருக்கான், பிப்ரவரி வரைக்கும் தாங்குவான்."

கெல்சி மெதுவாகக் கேட்டாள்: "போன வருஷம் கடைசி நிமிஷத்துல என்னைத் தள்ளிவிட்டுப் பந்து போட்டாளே, அந்தச் சிவப்பு முடிக்காரி, அவ உங்க பொண்ணா?"

"தங்கச்சி பொண்ணு."

"அவ தள்ளினது தப்பாட்டம்."

"தப்பாட்டம்தான்" என்றார் ஆர்வின் குவாம். "ஆனா பந்து உள்ள விழுந்துச்சே."

டுவேன் மேஜையைத் தட்டிச் சிரித்தான். கெல்சியும் சிரித்துவிட்டாள். தட்டில் கோடு போட்டு வைத்ததையெல்லாம் வாரித் தின்றாள். குவாமுக்கு இரண்டாம் தடவையும் பரிமாறினார்கள். விடைபெறும்போது வழக்கம்போல் மேஜையருகில் கொஞ்சம், கதவருகில் கொஞ்சம், கார் ஜன்னலருகில் கொஞ்சம் என்று பேசி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

அந்தச் சனி ஞாயிறில் ரோவாங் வீட்டில் நடந்த அமளியை என்னென்று சொல்ல! சாப்பாட்டு மேஜைதான் பஸ். நாற்காலிகள் சக்கரங்கள். டுவேன் நடுவில் உட்கார்ந்துகொண்டு, "எங்க போற? பின் சக்கரம் அது, உன் சோறு வடிக்கிற தேக்சா இல்ல. குனிஞ்சு பாரு" என்று அதட்டுவான். "நீ குனிஞ்சு காட்டேன் பார்ப்போம், தொப்பை விடுமா?" என்பாள் அவள். கெல்சி பள்ளத்தில் விழுந்த கார். தரையில் படுத்துக் கையை ஆட்டி, "காப்பாத்துங்க, நான் பிக்ஸ்லிக்காரி!" என்று கத்துவாள். மார்லிஸ் எழுந்திருக்காமல் அழகாக மரக்கரண்டியை ரேடியோவாகப் பிடித்துக் கூப்பிடுவாள். ஒருதடவை சுற்றி வரும்போது புருஷன் முன்னால் நின்று விரலை நீட்டிச் சொன்னாள்: "டுவேன். ஒழுங்கா உக்காந்திருக்கு. உடையல. வளையல. கொஞ்சம் கசியுது."

"எங்கடி கசியுது?"

"கண்ணுல."

"அது வெங்காயம்" என்றான். அன்று சமையலில் வெங்காயம் இல்லை.

திங்கட்கிழமை வானம் கண் கூசும் நீலம். ஆனால் தரையை ஒட்டிக் காற்று பனியைப் பால் மாதிரி ஓடவிட்டுக்கொண்டிருந்தது. ரோடு எது வயல் எது என்று தெரியாத நாள். கைல் காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, வடக்குத் தடத்து பஸ்ஸையே மார்லிஸிடம் கொடுத்தான். அன்று சமையலறைக்கு வேறு ஆள் வந்திருந்ததால் எனக்கு வேலை இல்லை. டுவேனைத் தனியாக விட மனசு வராமல் லெஃப்சா ரொட்டியில் வெண்ணெயும் சர்க்கரையும் தடவிச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனேன்.

போனபோது அவன் குளிர்பதனப் பெட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தான். துணியை எடுத்து மடித்து வைத்திருந்தான். ரேடியோவின் சின்னச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

"கேக்கறதுக்கு மட்டும்தான்" என்றான் என்னைப் பார்த்து.

"நான் ஒண்ணும் கேக்கலையே."

எங்கள் சமவெளியில் குன்று மலை எதுவும் கிடையாது, ரேடியோ பரீட்சை நடக்கிற ஊர் வரைக்கும் எட்டும். காப்பி குடித்தோம். லெஃப்சா தின்றோம். அவனுக்கு ஊசி போடும் நேரத்தை நான் நினைவுபடுத்தினேன். ரேடியோ கரகரத்துக்கொண்டு சும்மா இருந்தது. நான் கண்ணை மூடி ஜெபித்தேன். என்ன கேட்பதென்று தெரியவில்லை. பள்ளத்தில் இன்றைக்கு யாரும் விழ வேண்டாம் ஆண்டவரே என்று மட்டும் கேட்டேன்.

நான் கேட்டது நடக்கவில்லை.

"நார்டால் பேஸ், வடக்கு வண்டி." மார்லிஸின் குரல். நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன்.

பேஸ் என்றால் பள்ளி அலுவலகம், அங்கிருந்துதான் பதில் வர வேண்டும். வரவில்லை. சாப்பாட்டு இடைவேளை, எல்லோரும் பிள்ளைகளோடு கூடத்தில் இருப்பார்கள்.

"நார்டால் பேஸ், வடக்கு வண்டி கூப்பிடுது. யாராவது இருக்கீங்களா?"

டுவேனின் கை மேலே போய் நின்றது. இறங்கியது. மறுபடி போனது. "எடுப்பா" என்றேன். அவன் பொத்தானை அழுத்தினான்.

"வடக்கு வண்டி, பேஸ் கேக்குது. சொல்லு."

அந்தப் பக்கம் ஒரு கணம் வெறும் கரகரப்பு. குரலைக் கண்டுகொண்டாள் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் அவள் குரல் மாறவில்லை.

"வண்டி ஓரமா நிக்குது. பிரேக் போட்டாச்சு. நாலு விளக்கும் மின்னுது. நான் சீட்டுலதான் இருக்கேன்."

"நல்லது. எங்க, என்ன?"

"கிழங்கு கொட்டற மேட்டைத் தாண்டி, மேற்குப் பக்கம். சின்ன நீலக் கார். பின்பக்கம் பனிக்குள்ள புதைஞ்சிருக்கு. உள்ள ஒரு பொண்ணு இருக்கு. எஞ்சின் ஓடுது."

டுவேனின் முகம் மாறியது. "புகைக்குழாய் பனிக்குள்ளயா இருக்கு?"

"அப்படித்தான் தெரியுது."

"உன் ஜன்னலைத் திற. ஹார்ன் அடி. எஞ்சினை அணைக்கச் சொல்லிக் கத்து. அவ கண்ணாடியையும் கொஞ்சம் இறக்கச் சொல்லு. புகை உள்ள போயிடும். நீ இறங்காத. கத்து."

ரேடியோவில் பஸ் ஹார்ன் நீளமாகக் கேட்டது. அப்புறம் மார்லிஸின் தொண்டை. பள்ளிக்கூடம் முழுக்கச் சாப்பிடக் கூப்பிட்டுப் பழகின தொண்டை அது. டுவேன் அதற்குள் இன்னொரு கையால் தொலைபேசியை எடுத்துவிட்டான்.

"குவாம்! கிழங்கு மேடு உன் வீட்டுலேர்ந்து பக்கம்தானே? ட்ராக்டர் ஸ்டார்ட் ஆகுமா?"

அவர் பேசியது எனக்கும் கேட்டது. "ஆகும். வீட்டுலதான் இருக்கேன். பரீட்சையை உன் பொண்டாட்டிக்குக் கொடுத்துட்டு வேற எங்க போவேன்?"

"அவதான் கூப்பிடறா. ஒரு பொண்ணு மாட்டிக்கிச்சு. ஓடு."

மறுபடி ரேடியோ. "பேஸ், எஞ்சினை அணைச்சுடுச்சு. கண்ணாடி இறக்கிடுச்சு. கையைக் காட்டுது, நல்லா இருக்கு."

"ட்ராக்டர் கிளம்பியாச்சு. கண்ணுல படற வரைக்கும் அங்கயே நில்லு. அப்புறம் கண்ணாடி பார்த்து, சைகை போட்டு எடு."

"சரி பேஸ்."

கொஞ்ச நேரம் கழித்து, "ட்ராக்டர் தெரியுது. கிளம்பறேன்" என்றாள். அதற்கப்புறம், விதிமுறையில் இல்லாத ஒரு வார்த்தை: "நன்றி பேஸ்."

டுவேன் பொத்தானிலிருந்து விரலை எடுத்து நாற்காலியில் உட்கார்ந்தான். நான் அழுதுகொண்டிருந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன்.

கர்த்தர் ஒரு காரியத்தைச் செய்ய நினைத்தால் பெரிய சாமான்களைத் தேடுவதில்லை என்று நம்புகிறவள் நான். ஒரு ஆள் தன் இடத்தை விட்டுக்கொடுத்ததால் வீட்டில் இருந்தார், வீட்டில் இருந்ததால் ட்ராக்டர் உடனே கிளம்பியது. குவாம் பிறகு கூப்பிட்டுச் சொன்னார். வேலை முடிந்து வீடு திரும்பிக்கொண்டிருந்த நர்ஸ் பெண்ணாம். தலை லேசாக வலிக்கிறது என்றாளாம். இப்போது அவர் வீட்டு அடுப்போரம் சூப் குடித்துக்கொண்டிருக்கிறாளாம்.

ஆனால் மார்லிஸ் கூப்பிடவில்லை. மத்தியானம் சாய்ந்தது. ஃபோனை நான் முறைத்துப் பார்த்தேன். அது அசையவில்லை.

"பரீட்சை நடுவுல நிறுத்திட்டா" என்றேன். "திரும்பத் தோத்திருப்பாளோ? சாயங்காலம் போர்டு வேற கூடுது."

டுவேன் எழுந்தான். கதவருகே போய் மாட்டியிருந்த தடித்த வெளிச்சட்டையை எடுத்தான். அக்டோபரில் மாட்டியது. பையிலிருந்து காய்ந்த மண் உதிர்ந்தது.

"எங்க போற?"

"பனியை அள்ளணும்."

"தேறினாளா இல்லையான்னே தெரியல..."

"தேறலன்னா வேற யாராவது ஓட்டுவாங்க வெர்னா. யார் ஓட்டினாலும் வண்டி எங்கயாவது நிக்கணும்ல?"

ஜன்னலருகில் நின்று பார்த்தேன். அந்த மேட்டை அவன் நிதானமாக வெட்டினான். கொஞ்சம் வெட்டுவான், மூச்சு வாங்குவான், சர்க்கரை இறங்கிவிடாமல் பையிலிருந்து மிட்டாய் எடுத்து வாயில் போட்டுக்கொள்வான், மறுபடி வெட்டுவான். சுவரோரம் பனிக்குள் புதைந்திருந்த மின்கம்பியைத் தேடி, உருவி, உறைந்து விறைத்ததை முழங்காலில் மடக்கி நேராக்கினான். நான் ஒரு கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே வந்தேன். உள்ளே உட்கார முடியவில்லை.

சூரியன் வயலோடு வயலாகப் படுத்திருந்தது. தூரத்தில், ஓடும் பனிக்கு மேலே, முதலில் விளக்குகள் தெரிந்தன. பிறகு மஞ்சள். அது வீட்டுப் பாதையில் திரும்பியது.

"திரும்புது பாரு" என்றான் டுவேன். "அகலமா எடுக்கறா. நல்லா எடுக்கறா."

பஸ் முற்றத்துக்குள் வந்து, வெட்டிய இடத்தில், கோடு கிழித்த மாதிரி நின்றது. காற்று பிரேக் புஸ்ஸென்று மூச்சு விட்டது. கதவு திறந்ததும் கெல்சிதான் முதலில் குதித்தாள். "அப்பா! எல்லாரையும் வீட்டுல இறக்கிட்டு வந்துட்டோம்! அம்மா தேறிட்டாங்க, அம்மாதான் ஓட்டினாங்க! சின்னப் பசங்கல்லாம் பாட்டுப் பாடினாங்க! மிஸ்டர் பிரெக்கி கடைசி சீட்டுல உக்காந்து தூங்கிட்டே வந்தாரு, நடுவுல அவர் வீட்டுல எழுப்பி இறக்கிவிட்டோம்! ராத்திரி மீட்டிங்ல வடக்குத் தடத்தைப் பத்திப் பேச்சே கிடையாதாம்!" அவள் என்னைக் கட்டிக்கொண்டு சுற்றினாள். நானும் சுற்றினேன், என் முழங்கால் வலியோடு.

"ஒரு ஃபோன் பண்ணக் கூடாதா?" என்றேன்.

"அம்மா வேணாம்னாங்க. பஸ்ஸே போய்ச் சொல்லட்டும்னாங்க."

மார்லிஸ் இன்னும் இறங்கவில்லை. டுவேன் கதவை நோக்கிப் போகாமல் நின்று, பஸ்ஸின் ஜன்னல்களையே பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே அவள் உருவம் எழுந்தது. ஒவ்வொரு சீட்டையும் தொட்டுக்கொண்டு, குனிந்து பார்த்துக்கொண்டு, கடைசி வரிசை வரைக்கும் நடந்து போனது. தூங்கிப்போன பிள்ளை ஏதாவது இருக்கிறதா என்று பார்க்காமல் எந்த டிரைவரும் இறங்கக் கூடாது. கடைசி சீட்டைத் தொட்டுவிட்டுத் திரும்பி நடந்து வந்தது. டுவேன் தலையை ஆட்டிக்கொண்டான்.

அவள் படியில் இறங்கினாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் நாலுபேர் பார்க்கக் கட்டிப்பிடிக்கிறவர்கள் இல்லை.

"கம்பி எங்க?" என்றாள் மார்லிஸ்.

"கையிலதான் இருக்கு" என்றான் டுவேன். குனிந்து, வண்டியின் மூக்குக்கடியில் அதைச் சொருகினான்.